அப்பாவின் கைநாட்டு

ஜெயமணி அப்பாவின் இடது கட்டைவிரலில் மையைத் தடவி, கடிதத்தின் அடியில் வைத்து அழுத்தினாள். விரல் சில்லிட்டிருந்தது. ஆனாலும் ரேகை பிசகில்லாமல் விழுந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி கிழித்த பழைய தழும்புகூடத் தெரிந்தது.

அப்பா வீராசாமி உயிரை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே இப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

"அழுவுறதுக்கு முன்னாடி அதை முடிச்சிரு புள்ள" என்றாள் அம்மா குஞ்சம்மா, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. "சத்தம் கேட்டா லயத்துல அத்தனை வீடும் கூடிரும்."

அது 1931, தைப்பூசம் கழிந்த வாரம். அண்ணன் சேகரன் மதராஸில் பி.ஏ. கடைசி வருஷம். கணக்கும் பௌதிகமும் சேர்ந்த படிப்பு. "அவனவன் ஒரு படிப்புக்கே மூச்சு முட்டுறான். எம் மவன் ரெண்டை ஒண்ணா முழுங்குறான்லா" என்று, பால் வாளியோடு போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்வார் வீராசாமி. மலாயாவில் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இதைக் கேட்காத காது இல்லை.

பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம். விஷயம் தெரிந்தால் சேகரன் அடுத்த கப்பலிலேயே ஏறிவிடுவான். வந்தால் திரும்பிப் போகமாட்டான். முந்தாநாள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதே அப்பா சத்தியம் வாங்கிவிட்டார்: "நான் போனா அவனுக்குச் சொல்லாதீங்க. எழுதி முடிக்கட்டும்."

பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம். அப்பா சொல்லச் சொல்ல ஜெயமணி எழுதுவாள். எழுத்தறியாத அவர் அடியில் கைநாட்டு வைப்பார். அது இல்லாத கடிதத்தை அண்ணன் நம்பமாட்டான்.

இன்று எழுதும்போதும் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டபடியே இருந்தது. 'எழுதிட்டியா? அடுத்தது...' இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியபடி கிடந்தார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. குரல் நின்றுவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

மத்தியானம் குளிப்பாட்டும்போது வம்பு வந்தது. பத்து பெரண்டாம் தோட்டத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய பெரியப்பா அப்புசாமி, தம்பியின் கையைத் தேய்த்தவர் அப்படியே நிறுத்தினார். சீயக்காய்க்கும் போகாத நீலம்.

"செத்தவன் வெரல்ல மை எப்புடி வந்திச்சு?"

பறை நின்றது. உயிர் போன கையில் மை தடவிக் காணியை எழுதி வாங்கிய கதைகள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஊர்ல எங்க ரெண்டு பேருக்கும் பொதுவுல உள்ள காணிக்கா? சொல்லு குஞ்சம்மா. சொல்லாம பொணம் எழும்பாது!"

சொன்னால் நாற்பது வாய்க்குத் தெரியும். அதில் ஒரு வாய் ஊருக்கு எழுதிப் போட்டாலும் போதும், அண்ணன் காதுக்குப் போய்விடும். ஜெயமணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடி, காட்டு என்பதுபோல் தலையாட்டினாள். ஜெயமணி தன் இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து, துக்கத்துக்கு வந்திருந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜுவிடம் நீட்டினாள்.

அவர் உரக்கப் படித்தார். "அன்புள்ள மகன் சேகரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம்."

நிறுத்தினார். பெஞ்சில் ஈரத்தோடு கிடந்தவரைப் பார்த்தார்.

"படிங்க" என்றாள் குஞ்சம்மா.

"இருமல் நின்றுவிட்டது. கிராணி பாலில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்க விடுகிறார். தண்ணீர் கலந்திருந்தால் அது மேலே எழும்பி எங்களைக் காட்டிக்கொடுக்கிறது. அது எப்படி? உன் கணக்கில் வருமா, பௌதிகத்தில் வருமா? இப்போது வேண்டாம். பரீட்சை முடிந்ததும் எழுது."

கிராணி கடிதத்தை மடித்து ஜெயமணியிடமே கொடுத்தார். மற்ற நாளாயிருந்தால் லயமே சிரித்திருக்கும்.

அப்புசாமி தம்பியின் காலடியில் உட்கார்ந்தார். "இதெல்லாம் அவன் சொன்னதா?"

"கொழாய் சமாச்சாரம் அப்பா சொன்னாங்க, பெரியப்பா. சொகமா இருக்கேன்னது நான்."

"பரீட்சை எப்போ?"

"பங்குனி கடைசியில."

விரலை மடக்கி எண்ணினார். "அப்ப நாலு கடுதாசி போவணும். ஒண்ணுக்கு வச்சிட்ட. அவனைப் பொதைச்சப்புறம் மத்த மூணுக்கு எங்க போவ?"

அந்தக் கணக்கை ஜெயமணி போட்டிருக்கவில்லை.

அப்புசாமி எழுந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "ஒருத்தரும் ஊருக்கு எழுதப்புடாது. எந் தம்பி மேல ஆணை." பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னார். "போ தாயி. மூணு வெத்துக் காயிதமும் மையும் எடுத்தா."

தன் தோள்துண்டால் தம்பியின் கையைத் துடைத்தார். விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பிரித்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாடை தூக்க வந்தவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது காகிதத்தில் ரேகை மங்கலாக விழுந்தது.

"சரியா விழுவல" என்றார் பெரியப்பா. "இன்னொருக்கா வை."