பக்கத்துக் கார்

வளைவில் கார் தடுப்புச் சுவரில் மோதியதும் யமுனா லேப்டாப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்த செல்போனைத்தான் பார்த்தாள். வீடியோ காலில் இளவரசன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் வேண்டுமென்றே மோதிய நாட்களும் உண்டு. அவனுக்கு அது தெரியாது. தன் பொண்டாட்டிக்கு இன்னும் பிரேக் பிடிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில். அவள் ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டு மாடி வீட்டில். அவன் போன புதிதில் தினமும் போனில் பேசினார்கள். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, முசிறியிலிருந்து அத்தை வந்தார்களா. அதோடு சரக்கு தீர்ந்துவிடும். "அப்பறம்?" என்பான். "அப்பறம் நீங்கதான் சொல்லணும்" என்பாள். இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்கவா அவ்வளவு தூரத்திலிருந்து போன்? அப்போதுதான் ஆளுக்கொரு லேப்டாப்பில் சேர்ந்து ஆடும் இந்தக் கார் ரேஸை அவன் அவளுக்குப் பழக்கினான். கைக்கு வேலை வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அறைத்தோழன் குறட்டை, மேஸ்திரியின் கோபம், அவள் வேலை பார்க்கும் லேபில் ஊசியைக் கண்டு மயங்கி விழுந்த போலீஸ்காரர், எல்லாம் ஓட்டிக்கொண்டே பேசினார்கள்.

அதில்தான் மண் விழுந்தது. விளையாட்டைச் செய்கிற கம்பெனி, கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட் வசதி வேண்டுமா என்று ஆடுபவர்களிடம் ஓட்டுக் கேட்டது. இளவரசன் வேண்டும் என்று போட்டான். அதோடு நிற்காமல் பழைய ஹெட்செட் ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டான்.

"நான் வேணாம்னு போட்டேன்" என்றாள் யமுனா.

"ஏன்ம்மா? திரையில நேரா முன்னாடிதான் தெரியுது. அத மாட்டிக்கிட்டா திரும்பிப் பாக்கலாம். நீ பக்கத்துல வர்றது தெரியும்."

"எனக்கு உங்க மொகம் தெரியணும். பொட்டிய மாட்டிக்கிட்டா என்னத்தப் பாக்கறது?"

அவளுடைய ஒற்றை ஓட்டை யாரும் பொருட்படுத்தவில்லை, அந்த வசதி வந்தேவிட்டது. அன்றைக்குப் போனில் மூக்குநுனியும் மீசையும் மட்டும் தெரிந்தன. அதற்கு மேல் கறுப்புப் பிளாஸ்டிக். "அடடா, என்னமா இருக்கு!" என்று மீசை சொன்னது. யமுனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெட் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அழுதாள். இருப்பது அந்த முகம் ஒன்றுதான், அதையும் மூடிக்கொண்டானே என்றிருந்தது.

மறுநாள் அவனே கூப்பிட்டான். "ஒரு தடவ நீயும் போட்டுப் பாரேன். மன்னார்புரத்துல கேம் சென்டர் ஒண்ணு இருக்கு. பிடிக்கலன்னா நான் கழட்டிடறேன், சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்து, புதுச் சுடிதார் போட்டு, மல்லிகை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் புருஷனைப் பார்க்கத்தானே போகிறாள்.

"பூவக் கொஞ்சம் எடுத்துடுங்கக்கா, ஹெட்செட் பட்டை நசுக்கிடும்" என்றாள் கடையை நடத்தும் ஆஷ்லி. யமுனா எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆஷ்லி பட்டையை இறுக்கினாள். கடை மறைந்தது. யமுனா காருக்குள் இருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடி, அதற்கப்பால் வெயிலடிக்கிற ரோடு.

"இடது பக்கம் பாரு" என்றது காதில் அவன் குரல்.

திரும்பினாள். அவளோடு ஒட்டி ஒரு நீலக் கார் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தலைக்கவசம் போட்ட ஓர் உருவம் அவளைப் பார்த்து, லேசாகத் தலையைச் சாய்த்தது. வலது பக்கமாக. பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரை வாங்கும்போது சாய்த்தானே, அதே சாய்ப்பு. எந்தப் பொம்மைக்கு அது தெரியும்?

"என்னங்க..."

"ம். நாந்தான்."

ரோட்டை இரண்டு பேருமே பார்க்கவில்லை. வளைவு வந்தது, போனது. இரண்டு கார்களும் சேர்ந்தாற்போல் தடுப்பை உடைத்துக்கொண்டு புல்வெளியில் உருண்டு, பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மற்ற கார்கள் சீறிக்கொண்டு தாண்டிப் போயின. அவன் கிளப்பவில்லை. அவளும் கிளப்பவில்லை.

"அந்தத் தலைக்கவசக் கண்ணாடியக் கொஞ்சம் தூக்குங்களேன்."

"அது தூக்க முடியாதும்மா. அப்படிச் செய்யல அவங்க."

"சும்மா இருங்க. நான் தூக்கறேன்."

அடுத்து ஆட வந்தவரை ஆஷ்லி வேறு நாற்காலிக்கு அனுப்பிவிட்டாள். கண்ணை மூடிய பெட்டியோடு அந்த அக்கா இடது பக்கம் திரும்பி, ஒரு கையை நீட்டியிருந்தாள். வெறும் காற்றில், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் முக உயரத்தில், விரல்கள் மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தன.