முதல் வரிசை ரசிகர்

'இரட்டைக் குரல்' வாசு என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் தெரியாத தமிழ் வீடு கிடையாது. ஆண் குரல், பெண் குரல் இரண்டையும் ஒரே வாயால் பாடி, ஜோடிப் பாட்டைத் தனியாளாக முடித்துவிடுவார். இருபத்தைந்து வருடமாக அதையே செய்துகொண்டிருந்தார். ஜனங்களும் இருபத்தைந்து வருடமாக அதற்கே வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். கிளி பேசுகிறது என்று ஒருநாள் ஆச்சரியப்படலாம், இரண்டு நாள் ஆச்சரியப்படலாம், கால் நூற்றாண்டா ஆச்சரியப்படுவது என்று கார்த்திகேசு நினைப்பார்.

நினைப்பதோடு சரி, யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவர் இல்லை. ரயில்வே இலாகாவில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிளாட்டின் மூன்றாவது மாடியில் பதினெட்டு வருடமாக வாசுவோடு குடும்பம் நடத்திவந்தார். அக்கம் பக்கத்துக்கு அவர் 'வாசு சார் வீட்டுல வாடகைக்கு இருக்கிற அங்கிள்'. உண்மையில் பிளாட் கார்த்திகேசு பேரில்தான் இருந்தது.

வாசுவின் சாமர்த்தியம் அவர் தொண்டையில் இல்லை, கண்ணில் இருந்தது. மை தீட்டிக்கொள்வார். பட்டு ஜிப்பாவும் ஒற்றைக் காதில் கடுக்கனும் போட்டுக்கொண்டு, பெண் குரலில் பாடும்போது இடுப்பை ஒரு சொடுக்குச் சொடுக்குவார். வாரப் பத்திரிகைக்காரர்கள் "ஏன் சார் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்டால், "கலைஞனுக்கு ஆண் ஏது, பெண் ஏது? எனக்குள்ள ரெண்டு பேரும் இருக்காங்க, மூணாவது ஆளுக்கு இடம் இல்ல லா" என்பார். அதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். கதவைச் சாத்தி வைத்தால் எதையோ ஒளிக்கிறான் என்பார்கள், முழுக்கத் திறந்தால் உதைக்க வருவார்கள், அரைக்கதவு திறந்து வைத்தால் கைதட்டுவார்கள். அந்த அரைக்கதவில்தான் வாசு பிழைப்பு நடத்தினார். கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குள் வாசு வேறு ஆள். கார்த்திகேசுவின் ஊர்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் 'இஞ்சருங்கோ' என்ற சொல்லை வந்த முதல் வருடமே பிடித்துக்கொண்டார். கிள்ளான் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் வாயில் அந்தச் சொல் கோணலாகத்தான் வரும். "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று அவர் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கார்த்திகேசுவுக்குக் கோபமெல்லாம் இறங்கிவிடும். வாசல் தாண்டினால் அதே வாய் 'அண்ணே' என்றுதான் கூப்பிடும். உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தச் சொல்தான் என்று கார்த்திகேசு நம்பினார்.

ஒருநாள் மேடையில் எல்லோரும் அறிய உண்மையைச் சொல்லுவேன் என்று வாசு ஆரம்ப காலத்திலேயே சொல்லியிருந்தார். முதலில் அப்பா கண்மூடட்டும் என்றார். அப்பா கண்ணை மூடினார். பிறகு அம்மா இருக்கிறாளே என்றார். அவளும் போய்ச் சேர்ந்தாள். கேசட் வெளிவரட்டும், டிவியில் ஒரு வாய்ப்பு வரப்போகிறது, கார்த்திகேசு அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெறட்டும் என்று சாக்குகள் ஆடி வெள்ளி மாதிரி வரிசையாக வந்தன. சட்டத்தில் இதற்குச் சிறை உண்டு என்பது கார்த்திகேசுவுக்கும் தெரியும். அந்தப் பயத்தை வாசு பயமென்றே சொல்லியிருந்தால் அவர் மன்னித்திருப்பார். பயத்துக்கு ஜரிகை வைத்துத் தைத்து அதைக் கலை என்று விற்றதைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை.

ரசிகர் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது கார்த்திகேசுதான். கையெழுத்து அழகாக இருக்கும். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை ஏற்றும் பாலன் என்பவரிடமிருந்து ஒருமுறை கடிதம் வந்தது. 'ஐயா, நீங்களும் என்னைப் போன்றவர்தானா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். வீட்டில் பெண் பார்க்கிறார்கள்.' கார்த்திகேசு அதை வாசுவிடம் காட்டி, "நீர் ஒரு வரி எழுதும்" என்றார். வாசு கடிதத்தைப் படித்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்ட படம் ஒன்றை அனுப்பச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து பாலனிடமிருந்து பதில் வந்தது. 'படம் கிடைத்தது. நன்றி. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம்.' கூடவே வந்த அழைப்பிதழில் மணப்பெண்ணின் பெயரும் அழகாக அச்சாகியிருந்தது. அந்தப் படத்தைத் தபாலில் சேர்த்தது தன் கைதான் என்பதைக் கார்த்திகேசு மறக்கவில்லை. கோழைக்குப் பதினெட்டு வருடம் கடிதம் எழுதிக் கொடுத்தவன் மட்டும் வீரனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஓய்வு பெற்ற மறுமாதம் அவருக்கு நெஞ்சு வலித்தது. வாசுதான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போனார். மூன்றாம் நாள் கண் விழித்துப் பார்த்தபோது கட்டில் முனையில் படிவம் தொங்கிக்கொண்டிருந்தது. சேர்த்தவர் பெயருக்கு எதிரே, நோயாளி அவருக்கு என்ன உறவு என்று மலாயில் கேட்டிருந்த கட்டத்தில், வாசுவின் கோழிக் கிறுக்கலில் ஒரு சொல் இருந்தது: பெமினாட். ரசிகர்.

அண்ணன் என்று எழுதியிருக்கலாம், கூட்டாளி என்று எழுதியிருக்கலாம், வாடகைக்காரர் என்றாவது எழுதியிருக்கலாம். சாகக் கிடந்தவரைக் கூட அந்த மனிதரால் தன் ரசிகராகத்தான் பார்க்க முடிந்தது. தமிழ் நர்ஸ் ஒருத்தி வந்து, "அங்கிள், நீங்க வாசு சாரோட பெரிய ஃபேனா? உங்களுக்காக அவரே வந்து நின்னாரே, நீங்க லக்கி" என்றாள். கார்த்திகேசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் வாசு வந்தபோது படிவத்தைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

வாசு அழுதார். நன்றாக அழுவார், அதிலும் இரண்டு குரல் உண்டு. "பயந்துட்டேன்ணே. வெள்ளி விழா வருதுல்ல, அந்த மேடையில உங்கள மேல கூப்பிட்டு நானே சொல்லிடறேன். அம்மா மேல சத்தியம்" என்றார்.

"சொல்லாவிட்டால் நான் திரும்பி அந்த வீட்டுக்கு வரமாட்டன்" என்றார் கார்த்திகேசு. வாசு தலையை ஆட்டினார்.

வெள்ளி விழா கிள்ளானில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நடந்தது. கார்த்திகேசு பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தங்கை இராசேஸ்வரியையும் மச்சான் கனகசபையையும் வரச் சொல்லியிருந்தார். தங்கைக்கு ஒன்றும் தெரியாது. இருபத்தைந்து வருடம் அண்ணனுக்குப் பெண் தேடிச் சாதகம் தூக்கிக்கொண்டு அலைந்து, பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டவள். மச்சான் தினமும் விளக்கு வைத்ததும் சாமி அறையில் தேவாரம் பாடுகிறவர். சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பக்கத்து வீட்டு நாய் கூட எழுந்து போய்விடும். இராசேஸ்வரி மட்டும் முப்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்ததும் "நல்லா இருந்தது" என்று சொல்லி விபூதியை நீட்டுவாள். இப்போது அவர்கள் இருவரும் முதல் வரிசையில், கார்த்திகேசு வழக்கமாக உட்காரும் இடத்துக்கு அடுத்து இருந்தார்கள்.

நிகழ்ச்சியை நடத்தியவர் தம்புசாமி. கிள்ளானில் எந்த விழாவானாலும் ஒலிபெருக்கி அவர் கையில்தான் இருக்கும். அவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும்: 'அன்னார் தம் துணைவியார் சமேதராக மேடைக்கு வந்து பொன்னாடை பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' பெண்டாட்டி செத்தவரையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒருமுறை சாமியார் ஒருவரையே அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

வரிசையாகப் பெரிய மனிதர்கள் துணைவியார் சமேதராக ஏறி இறங்கினார்கள். கடைசியில் தம்புசாமி தாளைப் பார்த்து, "கலைஞரின் நெடுநாள் ஆதரவாளர் திரு. கார்த்திகேசு தம் துணைவியார் சமேதராக" என்று இழுத்தார்.

கார்த்திகேசு ஏறினார். வாசு பொன்னாடையைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தார். கையில் ஒலிபெருக்கி இருந்தது. கார்த்திகேசு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அடுத்து யார் என்பதுபோலத் தம்புசாமியைப் பார்த்தார்.

தம்புசாமிக்குத் துணைவியார் வராத கவலை. "தனியா வந்திருக்கீங்களே சார், வீட்டம்மா வரலியா?" என்று கேட்டு ஒலிபெருக்கியைக் கார்த்திகேசு வாயருகே நீட்டினார்.

கார்த்திகேசு, "வந்தாச்சு. மேடையிலதான் நிக்கிறாங்க" என்றார்.

வாசு கண்ணில் ஒரு மின்னல் ஓடியது. பயந்தவன் கண்ணில் ஓடுகிற மின்னல் அது. அடுத்த நொடி இடுப்பைச் சொடுக்கி, முந்தானையை இழுத்து விடுவதுபோல் கையை வீசி, பெண் குரலில், "இஞ்சருங்கோ, நான் இஞ்சதானே நிக்கிறன்" என்றார்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. தம்புசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முன் வரிசைப் பெரிய மனிதர்கள் தொடையைத் தட்டினார்கள். அடுப்படியில் பதினெட்டு வருடம் பொத்தி வைத்திருந்த சொல்லை ஒரு கைதட்டலுக்கு எடுத்து வீசிவிட்டான் என்று கார்த்திகேசுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நெஞ்சு வலித்தபோது கூட இப்படி வலிக்கவில்லை.

அவர் தம்புசாமி கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"நான் தமாஷ் பண்ணல. பதினெட்டு வருஷமா ஒரு ஆம்பிளையோட குடும்பம் நடத்தறேன். இத நான் வெட்கப்பட்டுச் சொல்லல. அது யாருன்னு அவர் வாயாலயே சொல்லட்டும்னு இத்தனை வருஷம் காத்திருந்தேன். இப்பவும் காத்திருக்கேன்."

வாசுவின் கையிலும் ஒலிபெருக்கி இருந்தது. 'நான்தான் அது' என்று இரண்டு சொல் போதும். எந்தக் குரலில் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வாசு நெருங்கி வந்து கார்த்திகேசுவின் தோளில் கையைப் போட்டார்.

"நம்ம கார்த்திகேசு சார் என்னோட மூத்த ரசிகர்ங்க. போன மாசம்தான் ஹார்ட் அட்டாக் வந்து பொழச்சு வந்தாரு. மருந்து வேகம், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு லா. இப்படி ஒரு ரசிகர் கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும். எல்லாரும் பலமா ஒரு கைதட்டு குடுங்க."

கொடுத்தார்கள். கொடுக்கச் சொன்னால் எதற்கும் கொடுக்கிற கூட்டம் அது. சில பெண்கள் 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டினார்கள். காதால் கேட்ட உண்மையைவிட, அதன்மேல் போர்த்திய பொன்னாடை அவர்களுக்குப் பிடித்திருந்தது.

கார்த்திகேசு தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டார்.

"நான் ரசிகன் இல்ல. இவர் பாட்டு எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்ல. அந்தப் பொம்பளக் குரல் சுத்தமாப் பிடிக்காது."

அப்போதுதான் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. ஆணும் ஆணும் குடும்பம் நடத்துவதைச் சிரித்து விழுங்கியவர்கள், வாசுவின் பாட்டைக் குறை சொன்னதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். "எறங்குயா கீழ" என்று ஒரு குரல் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "பாட்டு புடிக்கலன்னா அப்புறம் எதுக்குயா பதினெட்டு வருஷமா மொத வரிசையில வந்து உக்காந்த?" என்று கத்தினார்.

கேள்வியிலேயே பதில் இருந்தது. கேள்வி கேட்டவரே சட்டென்று உட்கார்ந்துவிட்டார். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக வாசுவைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரிசைத் துணைவியார்கள்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். அவர்களும் பிடிக்காத எத்தனையோ பேச்சுக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள்தானே. வாசு ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். இரண்டு குரலில் ஒன்று கூட வரவில்லை.

கார்த்திகேசு பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார். இராசேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கண் சிவந்திருந்தது. "வாங்கோ அண்ணை, எங்கட வீட்டுக்குப் போவம்" என்றாள். கனகசபை கார்ச் சாவியோடு முன்னால் நடந்தார்.

கார்க் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"எத்தினை சாதகம் கொண்டு வந்தனான் அண்ணை. ஒரு நாளாவது என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்க வேணும்" என்றார் கார்த்திகேசு.

"உண்மையாவே அந்தாளின்ரை பாட்டுப் பிடிக்காதோ?"

"ஒருநாளும் பிடிச்சதில்லை."

இராசேஸ்வரி காருக்குள் பார்த்தாள். கனகசபை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மனக்கலக்கத்தில் வழக்கம்போல் சுருதி தப்பித் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது கலியாணம்தான்" என்றாள்.