சுமைக்காரியின் நடை

ஜன்னல் வெளுக்கும் முன்பே கூடத்தில் விசைப்பலகைகள் சடசடக்கத் தொடங்கிவிட்டன. சிலர் வீட்டுக்கே போகவில்லை. மேசைகளுக்கு அடியில் கசங்கிய போர்வைகள், மேலே காய்ந்த காப்பிக் கோப்பைகள். தூக்கம் போதாத கண்களில் திரை வெளிச்சம் மணலாய் உறுத்தியது. வலிக்கும் மணிக்கட்டில் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடைக்காரி தன் திரையைத் திறந்தாள்.

நடைக்காரி என்பது கூடத்தார் வைத்த பேர். வீடியோ கேமில் வரும் மனிதர்களுக்கு நடையும் ஓட்டமும் தடுமாற்றமும் கொடுப்பது அவள் வேலை. இப்போது செய்துகொண்டிருக்கும் விளையாட்டின் நாயகி ஒரு சுமைக்காரி. இடிந்துகொண்டிருக்கும் நகரத்தில் தலையில் செங்கல் சுமந்து, மாடி மாடியாக ஏறி, சிக்கிக்கொண்டவர்களை மீட்பவள்.

ஹெட்போனை மாட்டி ஓடவிட்டாள். திரையில் வந்தது அவள் செய்த நடை இல்லை.

துணிக்கடை விளம்பரத்துக்கு மேடையேறியவளைப் போல இடுப்பை ஒடித்து ஒடித்து வந்தாள் சுமைக்காரி. இடை பாதியாக இளைத்திருந்தது. தலையில் அத்தனை செங்கல், ஒன்றுகூட அசையவில்லை. கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. காதில் விழுந்த காலடி மட்டும் பழையதாகவே இருந்தது. டக்... ஸ்ர்ர். டக்... ஸ்ர்ர். ஒரு கால் ஊன்ற, மறு கால் இழுபட்டது.

அது அக்காவின் காலடி.

கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தபோது அக்காவின் இடது கால் ஊனமாகிவிட்டது. அந்தக் காலை இழுத்துக்கொண்டேதான் செங்கல் சுமந்தாள். தங்கையைப் படிக்க வைத்தாள். அந்த நடையைக் கேள்விப்பட்டு விளையாட்டு நிறுவனத்தின் முதலாளியே வீடு தேடி வந்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "உங்க நடைதான்க்கா எங்க விளையாட்டுக்கு உயிர்" என்றார். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அக்காவின் பின்னாலேயே படியேறினார்.

"என்ன அண்ணே இது?"

பக்கத்து மேசையில் சத்தக்காரர் தலையைச் சொறிந்தார். அக்காவின் செருப்புச் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்தவர் அவர்தான்.

"வெளியிலேர்ந்து ரெடிமேட் நடை ஒண்ணை வாங்கி ராத்திரியோட ராத்திரியா மாட்டிட்டாங்கம்மா. சத்தத்தை மாத்த மறந்துட்டாங்க. திருடனுக்கும் அவசரம் இருக்கும்ல. நீ நேத்து நம்ம முதலாளி பேசினதைப் பார்க்கலையா?"

போனை நீட்டினார். விளையாட்டின் முன்னோட்டம் அக்காவின் நடையோடு வெளியானதிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். 'வாத்து நடை' என்றது ஒரு கூட்டம். 'கவலையை மறக்கத்தான் விளையாட வர்றோம், இவளைப் பார்த்தா இருக்கிற கவலையும் ஏறுது' என்றான் ஒருவன். 'எங்கம்மா இப்படித்தான் படியேறுவாங்க. மூச்சு வாங்குற நாயகியை இப்பதான் பார்க்கிறேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

அத்தனை பேருக்கும் முன்னால் முதலாளி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். "அந்த நடை எனக்கே தெரியாம நுழைஞ்சது. ஒரு ஊழியர் தன் சொந்தக் கதையை உள்ளே புகுத்திட்டாங்க. எடுத்துட்டோம். நடவடிக்கையும் எடுப்போம்."

எனக்கே தெரியாம. நடைக்காரி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். அவர் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் முதலாளி எழுந்து வரவேற்றார். தொடக்கத்தில் ஒற்றை மின்விசிறி ஓடிய வாடகை அறையில் இவர்களோடு தோளுரசி வேலை செய்தவர். கூடமே அவரை அண்ணா என்றுதான் கூப்பிடும்.

"உட்காரும்மா. கோபமா இருப்பேன்னு தெரியும்."

"உங்களுக்குத் தெரியாமயா நுழைஞ்சது? எங்கக்கா பின்னாடி படியேறினது யாரு?"

"அது நமக்குள்ள. வெளியில நாலு பேர் நாலு விதமா பேசுறான். ரசிகனைப் பகைச்சுக்கிட்டா கடையைச் சாத்த வேண்டியதுதான்."

"புடிச்சிருக்குன்னு எழுதினவங்களும் ரசிகர்தானே?"

"கத்துறவன் குரல்தான்மா காதுல விழும்." குரலைத் தாழ்த்தினார். "ஒரு சின்ன வீடியோ போட்டுடு. தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்கன்னு. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. உன் வேலை உனக்கு."

"போடலைன்னா?"

"பத்து மணிக்கு பில்ட் போகணும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

"சரிங்க சார்."

அண்ணா போய் சார் வந்ததும் அவர் முகம் சுண்டியது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பில்ட் என்பது எல்லோருடைய வேலையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது. நடை, சத்தம், ஒளி, நிறம், சோதனை என ஒவ்வொரு பிரிவும் தன் பங்கு சரியென்று அழுத்த வேண்டும். சுவரிலிருக்கும் பெரிய திரையில் எல்லா விளக்கும் பச்சையானால்தான் வெளியே போகும். அது முதலாளியே ஒரு காலத்தில் போட்ட சட்டம்.

நடந்ததையெல்லாம் நடைக்காரி கூடத்தாரிடம் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல்ல" என்றாள் ஒளிக்காரி மெல்ல. பொத்தானுக்குப் போன விரல் நடுவிலேயே நின்றது. "ஆனா நாளைக்கு வேற எதுக்காவது கத்துவாங்க. அப்ப அவர் யார் தலையை உருட்டுவார்? என் தலையைத்தானே?" கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நிறக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சோதனைக்காரர் திரையை அணைத்தார்.

பத்து மணி நெருங்கியதும் முதலாளி வெளியே வந்தார். "ஏன் ஒண்ணும் பச்சையாகலை?"

"நடையும் சத்தமும் பொருந்தலை சார்" என்றார் சத்தக்காரர்.

"அப்ப சத்தத்தை மாத்துய்யா!"

"சத்தம் சரியாத்தான் சார் இருக்கு."

"என்ன, எல்லாருமா சேர்ந்துட்டீங்களா? நேத்து வரைக்கும் அண்ணான்னு கூப்பிட்டவங்க..."

"நேத்து வரைக்கும்" என்றாள் ஒளிக்காரி.

அப்போது அது கேட்டது. டக்... ஸ்ர்ர்.

"ஸ்பீக்கரை நிறுத்துய்யா!"

சத்தக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "நான் எதையும் போடலை சார்."

சத்தம் மாடிப்படியிலிருந்து வந்தது. டக்... ஸ்ர்ர். ஒவ்வொரு படியாக. மாதக்கணக்கில் அதைக் கேட்டுக்கேட்டு வேலை செய்தவர்கள் அவர்கள். பலர் ஆளைப் பார்த்ததில்லை. ஆனாலும் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் கூடம் முழுக்க எழுந்து நின்றது.

அக்காவின் புடவையில் சிமெண்ட் தூசி. சும்மாட்டுத் துணி தோளில் கிடந்தது. தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே முதலாளியிடம் வந்தாள்.

"நல்லாயிருக்கீங்களா தம்பி? நீங்க பேசினதை, கூட வேலை செய்யறவ போன்ல காட்டினா. அன்னிக்குப் படியேறுறப்ப, மூச்சு வாங்குது, மெதுவா போங்கக்கான்னு சொன்னது நீங்கதானே? அதுவும் உங்களுக்குத் தெரியாம சொன்னதா?"

அவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார். யாரைக் கூப்பிடுகிறார், வக்கீலையா, புது ஆட்களையா, யாருக்கும் தெரியவில்லை. கடிகாரம் பத்தைத் தாண்டியது. சுவரில் ஒரு விளக்கும் பச்சையாகவில்லை.

"எனக்கு அரை நாள் கூலி போச்சு" என்றாள் அக்கா நெற்றியைத் துடைத்தபடி. "உங்களுக்கு?"

"எங்களுக்கு வேலையே போகும் போலிருக்குக்கா" என்றார் சத்தக்காரர். பயத்தோடுதான் சிரித்தார்கள், ஆனால் சேர்ந்து சிரித்தார்கள்.

நடைக்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிப்புக் கேக்க மாட்டேன்க்கா."

"கேட்டிருந்தா வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்."

"கீழே வாசல்ல போய் உட்காருவோம்" என்றாள் ஒளிக்காரி. "நாலு பேர் பேசுவாங்கன்னுதானே பயந்தார்? நாலு பேர் பார்க்கட்டும்."

படியில் அக்கா முன்னால் இறங்கினாள். டக்... ஸ்ர்ர். ஒரு படி, கொஞ்சம் மூச்சு, அடுத்த படி. பின்னால் அத்தனை கால்களும் காத்து நின்று காத்து நின்று இறங்கின. யாரும் அவளை முந்தவில்லை.