கச்சேரி வீட்டு நிலை

எந்தச் சர்க்காராக இருந்தாலும், கடைசியில் யாரோ ஒருவர் கட்டிய வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துதான் ஆட்சி செய்ய வேண்டும். ராஜாக்களின் சரித்திரமும் இவ்வளவுதான். யானை நுழைகிற அளவுக்கு வாசல் வைத்தவன் சக்கரவர்த்தி. குதிரை நுழைகிற அளவுக்கு வைத்தவன் பாளையக்காரன். மேட்டுச்சந்திரத்தில் சென்னகிருஷ்ணன் வைத்த வாசலில் கொம்பு வளர்ந்த கிடா ஒன்று நுழைய வேண்டுமென்றால், அது நின்று, யோசித்து, தலையைச் சாய்த்துத்தான் நுழையும். சுதந்திர இந்தியாவின் சர்க்கார் அந்த வாசலுக்குள்தான் வருஷக் கணக்காக அடங்கி ஒடுங்கிக் கிடந்தது.

சென்னகிருஷ்ணன் குள்ளம். ஏதோ கொஞ்சம் கட்டை என்று சொல்லித் தப்பிக்க முடியாத குள்ளம். கேழ்வரகுக் காட்டுக்குள் இறங்கினால் தலைப்பாகை மட்டும் தனியாக மிதந்து போவது போலத் தெரியும். பர்கூர் பஸ்ஸில் ஒரு புதுக் கண்டக்டர், மீசையைக் கவனிக்காமல், அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். கல்யாணத்தன்று மாலை மாற்றுவதற்கு மணைப்பலகைக்கு மேல் மணைப்பலகை அடுக்கவேண்டி வந்தது. கல்லாவியிலிருந்து வந்த மணப்பெண் வெள்ளையம்மா அவ்வளவு உயரம். நிலபுலம், புளியந்தோப்பு, மாட்டு மந்தை என்று எல்லாம் இருந்தும், சந்தையில் நாலு பேர் கூடி நின்று பேசினால் பேச்சு அவருடைய தலைக்கு மேலேயே போய்த் தலைக்கு மேலேயே முடிந்துவிடும்.

அதனால்தான் வீடு கட்டும்போது, வாசல் நிலைக்கு எவ்வளவு உயரம் வைக்கட்டும் என்று முனிவேல் ஆசாரி கேட்டதும், சென்னகிருஷ்ணன் சுவரோரமாக விறைத்து நின்றுகொண்டு, தலைப்பாகை இடிக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். ஆசாரி வெள்ளையம்மாவைப் பார்த்தார். வெள்ளையம்மா வானத்தைப் பார்த்தாள். நிலை ஏறிவிட்டது. அன்றிலிருந்து அந்த வாசலில் குனியாமல் போய்வருகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான்.

பிறகு சர்க்கார் வந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு உப தாசில்தார் கச்சேரி கொடுத்தார்கள். கச்சேரி என்றதும் மிருதங்கத்தைத் தேட வேண்டாம்; ஜனங்கள் சர்க்கார் ஆபீசைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆபீஸ் கொடுத்த சர்க்கார் அதற்குக் கட்டடம் கொடுக்க மறந்துவிட்டது. ஊரில் மங்களூர் ஓடு வேய்ந்த பெரிய வீடு சென்னகிருஷ்ணனுடையது ஒன்றுதான். முன்பக்கத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, குடும்பம் பின்பக்கம் போனது. அங்கே மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு திறப்பு இருந்தது. நிலையும் இல்லை, கதவும் இல்லை. வெள்ளையம்மா நிமிர்ந்து நடக்கப் பழகிக்கொண்டாள்.

முதல் உப தாசில்தார், பின்னால் வருகிறவரிடம் பேசிக்கொண்டே உள்ளே காலை வைத்தார். அந்தக் கச்சேரியில் விழுந்த முதல் முத்திரை அவருடைய நெற்றியில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓசூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டிகள் நின்றன என்பார்கள். அவருக்குப் பின் வந்தவர்களும் தப்பவில்லை. வெள்ளையம்மா கொட்டாங்குச்சியில் மஞ்சள் குழைத்துத் தயாராக வைத்திருப்பாள். மனு கொடுக்க வருகிற ஜனங்கள், அதிகாரியின் நெற்றியை வைத்தே நாள் நட்சத்திரம் பார்க்கத் தொடங்கினார்கள். வீக்கம் சிவப்பாக இருந்தால் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தால் மனுவை நீட்டுவார்கள்.

ஒருநாள் மனைப்பட்டா கேட்டு வந்த கூலிக்காரி சென்னம்மா உள்ளே ஒதுங்கி நின்றிருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர் எதிரில் கூனி நிற்பதே அவள் பிழைப்பு. அவளுக்கு நேர் எதிராக உப தாசில்தார் தலையைத் தாழ்த்திக்கொண்டு வரவும், பதறிப்போனவள், "நல்லா இருங்க சாமி" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டாள். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் அன்றைக்கே பட்டாவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சென்னகிருஷ்ணனுக்கு இந்தக் கச்சேரி வந்ததிலிருந்துதான் வாழ்க்கை. காலையில் அதிகாரிகள் வருகிற நேரமாகப் பார்த்து, வெள்ளை வேட்டி, பெரிய தலைப்பாகை சகிதம் புறப்படுவார். ஓடு ஒழுகுகிறதா, எலி தொல்லை உண்டா என்று ஏதாவது ஒரு சாக்கு. உப தாசில்தார் குனிந்து நுழைவார்; குமாஸ்தா பெருமாள் குனிந்து நுழைவார்; டவாலி போட்ட பியூன் திம்மப்பன் குனிந்தும் இடித்துக்கொண்டு நுழைவான். அவர்களுக்குப் பின்னால் சென்னகிருஷ்ணன், மார்பை நிமிர்த்தி, மீசையைத் தடவிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போல நடந்து போவார். அந்த ஒரு அடி தூரத்தில் மட்டும் அவர் குள்ளம் இல்லை. சர்க்கார்தான் தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டது.

இந்த சுகத்துக்கு ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவன் திம்மப்பன்.

கிருஷ்ணகிரியில் ஏதோ ஒரு விழா. சேலத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து பேசினார். ஆட்சிமொழி தமிழ் என்று சட்டம் வந்த புதிது. அதுவரை ஒரு ஆபீசை மேலே தூக்குவதற்கு 'அப்கிரேடு' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்தவர்கள், தமிழ் வார்த்தைக்கு மைக் முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிகாரி கொஞ்சம் தேறியவர். மேட்டுச்சந்திரம் கச்சேரியின் நிலையை உயர்த்த அரசு ஆலோசித்து வருகிறது, நானே நேரில் வந்து பார்த்து முடிவு செய்வேன் என்று கணீரென்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் நின்று கேட்ட திம்மப்பனுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சம்பளத்துக்குத் தமிழ். நிலை என்ற சொல்லுக்கு அவனுக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். அது தினமும் அவன் நெற்றியில் எழுதப்பட்டு வந்தது.

ஊருக்குள் வந்ததும் நேரே சென்னகிருஷ்ணனிடம் போனான்.

"நெலைய ஒசத்தப் போறாங்கய்யா. பெரியவரே மைக்குல சொல்லிட்டாரு."

"எந்த நெலைய?"

"கச்சேரி நெலையத்தான்," என்று நெற்றியைத் தடவிக்கொண்டான் திம்மப்பன். "இந்தச் சீமையில வேற எந்த நெலைக்குய்யா ஜீப்பு போட்டுக்கிட்டு வந்து பாப்பாங்க?"

சென்னகிருஷ்ணன் அன்று களியைத் தொடவில்லை. வெள்ளையம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டிக்கொண்டு வந்தவளுக்காக உயர்த்தாத நிலையைச் சர்க்காராவது உயர்த்துகிறதே என்று ஊறுகாய் ஜாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நெல ஒசந்துட்டா நான் எப்படிப் போவேன்?" என்றார் அவர்.

"வாசல் வழியாத்தான் போவீங்க. இப்ப நடந்து போறீங்க, அப்ப பறந்துகூடப் போலாம்."

"அதில்ல வெள்ளை. அந்த ஒரு எடத்துலதான் நான் ஆளு."

அவளுக்கு நாக்கு நுனியில் இன்னொரு பதில் இருந்தது.  களியை எடுத்து மறுபடியும் உருட்டி, குழம்பை ஊற்றி, அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

நிலையைக் காப்பாற்ற சென்னகிருஷ்ணன் எல்லாம் செய்து பார்த்தார். நிலையில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் முழுக்கச் சொன்னார். முனிவேல் ஆசாரியைப் பிடித்து, யார் கூப்பிட்டாலும் உளியை எடுக்கமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தார். பெரிய அதிகாரி வரும் நாளில், நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தடியாக ஒரு மாவிலைத் தோரணமும் கட்டிவிட்டார். தெய்வாம்சம் ஏறியது; வாசல் இன்னும் ஒரு சாண் இறங்கியது.

ஜீப்பிலிருந்து பெரிய அதிகாரி இறங்கினார். இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். முழுவதும் இறங்கி முடித்தபோது, பனைமரத்துக்குக் கோட்டு போட்டு நிறுத்தியது போல இருந்தது. வாசலில் சென்னகிருஷ்ணன் நின்றிருந்தார். அளவெடுத்துச் செய்த கதவு போல வாசலை நிறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சாமி, ஒரு விண்ணப்பம். தயவு பண்ணி நெலைய ஒசத்தாதீங்க," என்றார் கைகூப்பி.

பின்னால் நின்ற குமாஸ்தா பெருமாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கச்சேரி உயர்ந்தால் அவர் தலைமைக் குமாஸ்தா. அதை நம்பி மனைவிக்கு ஒரு பட்டுப்புடவையே சொல்லி வைத்திருந்தார்.

அதிகாரிக்கோ ஆச்சரியம். எங்கள் ஊர்க் கச்சேரியை உயர்த்துங்கள் என்று ஜீப்பை மறித்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். உயர்த்தாதே என்று ஒருவர் மறிப்பது அவருடைய உத்தியோகத்திலேயே முதல் தடவை. மக்கள் வசதிக்காகத்தானே உயர்த்துகிறோம் என்று விளக்கினார்.

"ஜனங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. குனிஞ்சு வராங்க, குனிஞ்சு போறாங்க."

"மக்கள் குனிய வேண்டிய காலம் மலையேறிவிட்டது ஐயா. இது சுதந்திர நாடு."

"ஜனங்கள வுடுங்க. இப்ப அதிகாரிங்களும் குனியறாங்க இல்லீங்களா? நெல ஒசந்துட்டா எந்த அதிகாரி குனிவாருங்க?"

 பதவி உயர உயரப் பணிவு போய்விடுகிறது என்று இந்தக் கேழ்வரகுக் காட்டு மனிதர் எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார் என்று அதிகாரி நினைத்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, எங்கே எழுதுவது என்று தெரியாமல், மறுபடியும் பையிலேயே வைத்தார்.

"அப்படியானால், சர்க்கார் ஆபீசின் நிலை யாருடைய அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறீர்கள்?"

"என் அளவுக்குங்க. நான் நின்னுதான் அளவு கொடுத்தேன்."

சாதாரணக் குடிமகனே ஆட்சிக்கு அளவுகோல். அதிகாரிக்கு அது அப்படித்தான் கேட்டது. இப்படி ஒரு குடிமகன் வாழும் வீட்டுக்குள் உடனே நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்து உருக வேண்டும் போலிருந்தது. சென்னகிருஷ்ணனின் தோளைத் தட்டிக் கொடுத்து, அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்த நெஞ்சோடு உள்ளே அடியெடுத்து வைத்தார்.

ஓடுகள் அதிர்ந்தன. தோரணத்திலிருந்து இரண்டு மாவிலைகள் பிய்ந்து அவருடைய காதில் செருகிக்கொண்டன. வெள்ளையம்மா கொட்டாங்குச்சியோடு பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். பெஞ்சில் உட்கார்த்தி மஞ்சள் பூசிய பிறகுதான் அதிகாரிக்குக் கண் தெளிந்தது. மெதுவாக அண்ணாந்து பார்த்தார்.

"இந்த நிலையையா உயர்த்த வேண்டாம் என்றீர்கள்?"

"அவுனு சார், அதே நெலதான்," என்று திம்மப்பன் முந்திக்கொண்டு தெலுங்கில் தலையாட்டினான்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வீக்கம் வலித்தது. வலித்தால் இன்னும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்க ஒரு சொம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னார். சர்க்கார் உயர்த்துவது மரத்தை இல்லை, ஆபீசின் தரத்தை. இது உப தாசில்தார் கச்சேரியாக இல்லாமல் முழுத் தாசில்தார் கச்சேரியாகும். உங்கள் நிலையில் ஒருவரும் உளி வைக்கமாட்டார்கள். ஆனால் தரம் உயர்ந்த கச்சேரிக்குச் சொந்தக் கட்டடம் கட்டி, எல்லோரும் அங்கே போய்விடுவார்கள்.

சென்னகிருஷ்ணனுக்கு வந்த உயிர் பாதி வழியில் நின்றது. நிலை தங்கும், அதில் குனிய ஆள் இருக்காது. யாரும் குனியாத வாசலில் ஒரு மனிதன் நிமிர்ந்து போய் என்ன கண்டான்? மாடுதான் பார்க்கும்.

"கட்டடம் எப்பங்க கட்டுவாங்க?" என்று கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அதிகாரி கூரையைப் பார்த்தார். பெருமாள் அதிகாரியைப் பார்த்தார். பதில் திம்மப்பனிடமிருந்து வந்தது.

"ஏரிக்கரை ரோட்டுக்கு அளந்து முளைக்குச்சி அடிச்சாங்களே ஐயா, ஞாபகம் இருக்குதா? ரோடு இன்னும் வரல. அந்தக் குச்சி தழைஞ்சு மரமாயி, போன மாசம் புளி உலுக்கினோம்."

அதிகாரி அதை மறுக்கவில்லை. அதுவரை கச்சேரி இங்கேதான் நடக்கும் என்று மட்டும் சொன்னார்.

சென்னகிருஷ்ணனின் மீசை மெல்ல அசைந்தது. "நெல... அதாவதுங்க, தரம் ஒசந்தா, யாரு யாரு வருவாங்க?"

"முழுத் தாசில்தார் வருவார். அவருக்குக் கீழே நாலைந்து அதிகாரிகள். ஜமாபந்திக் கணக்குப் பார்க்கும் சமயத்தில் இன்னும் பெரியவர்கள்."

"எல்லாரும் இந்த வாசல்லயா?"

"வேறு வாசல் ஏது?"

சென்னகிருஷ்ணன் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்பன்னா ஒசத்துங்க சாமி. எவ்வளவு ஒசத்த முடியுமோ அவ்வளவு ஒசத்துங்க. வாடகையக் கூட்டிக் கேக்கமாட்டேன்," என்றார். பெருமாள் சுவரில் சாய்ந்துகொண்டார், பட்டுப்புடவை பிழைத்தது. வெள்ளையம்மா தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் உயரத்துக்கு அது ஒரு நொடியில் முடிகிற வேலை.

"வெக்கமே இல்லையா உங்களுக்கு?" என்றாள்.

"வெக்கப்பட்டாத்தானே தல குனியணும்," என்றார் அவர்.

அதிகாரி புறப்பட்டார். இந்த முறை மிகவும் பணிவாக, முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து நடந்து, ஜீப் வரைக்கும் போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி உறுமத் தொடங்கியது. அவர் கதவை விடவில்லை.

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார்.

"சும்மா ஒரு சந்தேகந்தாங்க," என்று சென்னகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "மெட்ராஸ்ல மந்திரிங்க இருக்காங்களே, அவங்க எல்லாம் சுமாரா எவ்வளவு ஒசரம் இருப்பாங்க?"