இடது கை எழுதிய பக்கம்

அக்காவின் கையெழுத்துப் பிரதியில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள், ஓய்வு பெற்ற கையோடு அதையெல்லாம் எழுத உட்கார்ந்தாள். முடிப்பதற்குள் பக்கவாதம் வந்து வலது கையை முடக்கிப் போட்டது. பேச்சு மட்டும் தப்பிப் பிழைத்தது, கொஞ்சமும் காரம் குறையாமல்.

நான் பிழைதிருத்துகிறவள். ஒற்றும் காற்புள்ளியும் பார்த்துப் பழகி, மருந்துச் சீட்டைக் கண்டால்கூடக் கை பேனாவைத் தேடும். "நீ சொல்லுக்கா, நான் எழுதறேன்" என்றேன்.

"வேணாம். செத்துப்போச்சுன்னு சொன்னா நீ இறந்துவிட்டதுன்னு எழுதுவ."

"அதுல என்னக்கா இருக்கு?"

"அதுலதான்டி எல்லாம் இருக்கு."

பதிப்பாளர் போன்மேல் போன் போட்டார். "உங்களுக்குத்தான் விஷயம் தெரியுமே, நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க மேடம். யாருக்குத் தெரியப்போகுது?"

விஷயம் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பக்கத்துக் கட்டில் குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியை அக்கா வேறொரு குழந்தைக்குப் போட்டுவிட்டாள். அது பிழைக்கவில்லை. காய்ச்சல் முற்றிவிட்டது என்று எழுதி மூடிவிட்டார்கள். பெற்றவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அக்கா என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மூன்று நாளில் ஆறு பக்கம் எழுதினேன். எங்கும் கண்ணை உறுத்தாத தமிழ். படித்துக் காட்டத் தைரியம் வராமல் மேஜையில் வைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஆறு பக்கத்துக்கும் குறுக்கே கோடு இழுத்திருந்தது. முதல் பக்கத்தில் 'அன்று ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்ற வரியின் கடைசிச் சொல்லை மட்டும் தனியாக அடித்து, மேலே கோழி கிளறியதுபோல் இடது கையால் எழுதியிருந்தாள்: 'செய்தேன்'.

"தவறு தானா நடந்து வந்துச்சா?" என்றாள். "ஊசி என் கைல இருந்துச்சுடி."

"பெத்த அந்தம்மா இன்னும் உயிரோட இருந்து, இதப் படிச்சா?"

"படிக்கணும்னுதான் எழுதறேன்."

மறுநாள் காலையிலிருந்து இடது கைக்கு எழுத்துப் பழக்கினாள். 'ட'வும் 'ப'வும் சீக்கிரம் வசப்பட்டன. 'ஞ' ஒரு வாரம் அழவைத்தது. பென்சில் நழுவும், குனிந்து எடுக்கப் போவேன், முறைப்பாள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு வரி. சில நாள் அரை வரி. குழந்தையின் பெயர், கட்டில் எண், எந்தக் கையில் ஊசி போட்டாள் என்பது வரை. இரண்டு மாதத்தில் ஒரே ஒரு பக்கம் நிறைந்தது.

அதைப் படித்த பதிப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "செய்தேன்ங்கறத மட்டும் கொஞ்சம் மென்மையாக்கலாமே. வீண் வம்பு."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"வக்கீல்கிட்ட வேணும்னா கேட்டுக்கங்க சார்," என்றேன். "ஒரு சொல் மாத்தறதா இருந்தா மொத்தப் பிரதியையும் குடுத்துடுங்க. வேற இடம் பாத்துக்கறோம்."

அவர் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார். அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தேன். மின்விசிறிக் காற்றில், அடுத்த பக்கத்துக்கு எடுத்துவைத்த புதுத் தாள் ஒன்று மேஜையில் படபடத்துக்கொண்டிருந்தது. அக்கா இடது கையால் தன் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். தாள் அசையாமல் நின்றது. பென்சிலை எடுத்துக் குனிந்தாள்.