பாகு காய்ச்சிய சனிக்கிழமை

1987 குளிர்காலத்தில், கியூபெக்கின் போஸ் பள்ளத்தாக்கில், முன்பு பாதிரியார் குடியிருந்த இரண்டு மாடி மரவீடு ஒன்றில் நாங்கள் பத்துப் பேர் வசித்தோம். ஒன்பது பேர் இளைஞர் சேவைத் திட்டம் ஒன்றின் தொண்டர்கள். எல்லோருக்கும் வயது இருபத்தொன்றுக்குள். பத்தாவது ஆள் எங்கள் பொறுப்பாளர் கொலெத். அவளுக்கே இருபத்தாறுதான். ஒன்பது மாதம், மூன்று ஊர்கள் என்று திட்டம். இது இரண்டாவது ஊர்.

காலையில் ஆளுக்கொரு வேலைக்குப் போவோம். நான் முதியோர் இல்லத்தில் உணவு பரிமாறினேன். சிலர் ஊர் மன்றத்துக்குத் தரைப்பலகை அடித்தார்கள். வாரத்துக்கு ஒருவர் வீட்டில் தங்கி, பத்துப் பேருக்கும் சமைத்து, ரொட்டி சுட்டு, துணி துவைத்து, விறகடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வீட்டு வாரம் என்று பெயர். எல்லோரும் வெறுத்த வாரம் அது. ரேஜானுக்கு மட்டும் அது பிடிக்கும்.

ரேஜான் வடக்கே ஒரு சுரங்க ஊர்க்காரன். பத்தொன்பது வயது. நெடுநெடுவென்று வளர்ந்தவன், கதவுகளில் தலை இடிக்கும். நான் கேப் பிரெட்டன் தீவிலிருந்து வந்தவள். பெயர் லோர்னா. என் பிரெஞ்சு மோசம், அவன் ஆங்கிலம் அதைவிட மோசம். இரண்டையும் போட்டுக் குழப்பி எப்படியோ பேசிக்கொள்வோம். அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தவர்களில் அவன் ஒருவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் அவனுடைய வீட்டு வாரம். வெளியே மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிர். வீட்டுக்குள் புகைபிடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்தக் குளிரில் வெளியே போய்ப் புகைக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கீழே துணி துவைக்கும் நிலவறைக்குப் போனேன். துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, சுவரின் உச்சியில் இருந்த சின்ன ஜன்னலைத் திறந்து, இரண்டு சிகரெட் பிடித்தேன். மேலே தொலைபேசி மணி அடித்தது. "லோர்னா, உனக்குத்தான்!" என்று யாரோ கத்தினார்கள். என் அக்கா பேசினாள். அரைமணி நேரம் பேசிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை, இரவுக் குளிரில் உறைந்து தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. நிலவறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அங்கே அடுக்கியிருந்த எங்கள் பெட்டிகள், மாவு மூட்டைகள், கிரெய்க்கின் கிட்டார் எல்லாம் நனைந்துவிட்டன. மேலே ஜன்னல் விரியத் திறந்திருந்தது. இரண்டு நாள் பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தோம்.

கொலெத் எல்லோரையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள்.

"யாரையும் திட்டறதுக்காகக் கேக்கல. யாரு திறந்தீங்க?"

சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கிரெய்க் முந்திக்கொண்டான். அவன் கால்கரிக்காரன், எதையும் முதலில் சொல்லிவிட வேண்டும் அவனுக்கு.

"வேற யாரு? துணி காயப்போட கீழ போறது ரேஜான்தானே. ஆவி அடிக்குதுன்னு தினம் அந்த ஜன்னலத் திறப்பான். நானே பார்த்திருக்கேன்."

ரேஜான் தன் கைகளைப் பார்த்தான்.

"நானாத்தான் இருக்கும்," என்றான். "மூடுனேன்னுதான் நெனச்சேன். மன்னிச்சிடுங்க."

அப்போதும் நான் சொல்லவில்லை.

அதன்பிறகு வீட்டில் யாரும் அவனிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. அடுப்பை மட்டும் அவன் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் வேனின் சாவியையும் கொடுப்பதில்லை. கிரெய்க் அவனை "ஜன்னல்" என்று கூப்பிட ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். "ஜன்னலு, உப்ப இந்தப் பக்கம் தள்ளு." அவனும் சிரித்துக்கொண்டே தள்ளுவான். ஆனால் படுக்கப்போகும் முன் வீட்டின் எல்லா ஜன்னல்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான். மாடிப்படியில் பாதி ஏறியவன் திரும்பி இறங்கி, மறுபடி தொட்டுப் பார்ப்பான். மார்ச் மாதத்தில் அது மூன்று சுற்றாகியிருந்தது.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஃபெர்னான் பூலென் என்ற விவசாயி எங்களைத் தன் மேப்பிள் தோப்புக்கு அழைத்தார். ஊர் மன்றத் தரையில் எங்களோடு சேர்ந்து ஆணி அடித்தவர் அவர். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்கள் வந்துவிட்டன. மேப்பிள் மரங்களில், காய்ச்சினால் பாகாகும் இனிப்பு நீர் ஓடத் தொடங்கியிருந்தது. காலையில் வந்து வாளிகளைக் காலிசெய்து கொடுத்தால் மத்தியானம் வயிறு முட்டச் சாப்பாடு போடுவதாகச் சொன்னார்.

முழங்காலுக்கு மேல் பனி. அந்த நீர் சொட்டிச் சேர, மரத்துக்கு ஒன்று இரண்டு என்று தகர வாளிகள் தொங்கின. அவற்றில் நிரம்பியிருந்த நீரை எங்கள் வாளிகளில் கவிழ்த்து, டிராக்டர் இழுத்துவந்த பீப்பாயில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். கிரெய்க் இரண்டு முறை விழுந்து, இரண்டு முறையும் பூட்ஸுக்குள் நீரை ஊற்றிக்கொண்டான்.

"நாப்பது வாளி காய்ச்சினாத்தான் ஒரு வாளி பாகு வரும் தம்பி," என்றார் பூலென். "உன் கால்ல ஊத்துனத யாரு காய்ச்சறது?"

ரேஜான் ஒரு சொட்டும் சிந்தவில்லை. நீண்ட கால்களால் பனியை அளந்து நடந்து, இரண்டு கைகளிலும் நிறை வாளிகளோடு வந்துகொண்டே இருந்தான். பூலென் அதைக் கவனித்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

மத்தியானம் பாகு காய்ச்சும் கொட்டகையில் சாப்பிட்டோம். அவர் மனைவி ஜெர்மெய்ன் பட்டாணி சூப், அவித்த பீன்ஸ், பன்றித் தொடை, முட்டை அடை, மொறுமொறுவென்று பொரித்த பன்றித்தோல் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றின் மேலும் பாகு. ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்தது. அதன்மேல் கட்டில் அளவுக்கு ஒரு தட்டையான கொப்பரை. அதிலிருந்து எழுந்த ஆவி கூரைத் திறப்பு வழியாக வெளியேறியது.

சாப்பாடு முடியும் நேரத்தில் பூலெனின் மகன் உள்ளே எட்டிப் பார்த்தான். டிராக்டர் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது, தள்ள ஆள் வேண்டும் என்றான். பூலென் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே ரேஜானைப் பார்த்துக் கை காட்டினார்.

"நீ வா இங்க, நெட்டையா. கொப்பரையப் பாத்துக்கோ. நுரை பொங்கி வந்தா இந்த வெண்ணெயில ஒரு துணுக்கக் கிள்ளிப் போடு, அடங்கிடும். நீர்மட்டம் இந்தக் கோட்டுக்குக் கீழ போகவே கூடாது. போச்சுன்னா ஒரு நிமிஷத்துல எல்லாம் கருகிடும், கொப்பரையும் சேர்ந்து."

"ஐயோ முசியே பூலென், அவன் வேணாம்!" என்று கிரெய்க் சிரித்தான். "எங்க வீட்டையே ஐஸ் கட்டி ஆக்கினவன் அவன். இதக் கரியாக்கிடுவான்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். பூலென் சிரிக்காமல் ரேஜானைப் பார்த்தார்.

"அவன் சொல்றது நெசம்தான்," என்றான் ரேஜான். கிண்டலாகச் சொல்லவில்லை. தன் உயரத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். "வேற யாரையாவது விட்டுட்டுப் போங்க. நான் மறந்துடுவேன். எனக்கு அப்படி ஒண்ணு இருக்கு."

பூலெனுக்கு நிற்க நேரமில்லை. "சரி, நீ பாத்துக்கோம்மா," என்று கரண்டியை என்னிடம் நீட்டினார். "இவன் விறகு போடட்டும்."

எல்லோரும் டிராக்டரைத் தள்ளப் போய்விட்டார்கள். ஜெர்மெய்ன் தட்டுகளைக் கழுவக் கொல்லைப்புறம் போனார். கொப்பரையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அவன் ஒரு கட்டையை உள்ளே தள்ளிவிட்டு அடுப்புக் கதவை மூடினான். கொக்கியைத் தொட்டுப் பார்த்தான். இரண்டடி நகர்ந்தவன் திரும்பி வந்து, மறுபடி தொட்டுப் பார்த்தான்.

"ரேஜான், ஜன்னலத் திறந்தது நான்."

"எந்த ஜன்னல்?"

"நிலவறை ஜன்னல். பிப்ரவரில. நான்தான் திறந்தேன். சிகரெட் பிடிக்க."

அவன் என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். நான் அவனுக்கு ஆறுதலாக ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

"இல்ல லோர்னா. நான்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தக் கைப்பிடி எப்படிச் சில்லுனு இருந்துச்சுன்னு கூட ஞாபகம் இருக்கு. திறந்துட்டு, சட்டைகளக் கொடியில போட்டுட்டு, அப்படியே மேல போயிட்டேன்."

"நீ மூடிட்டுத்தான் போயிருக்க. நான் கீழ வந்தப்ப மூடித்தான் இருந்துச்சு. கூடையக் கவுத்துப் போட்டு ஏறி நின்னேன். ரெண்டு சிகரெட். எங்க அக்கா போன் பண்ணினா, மேல ஓடினேன். கூடை கவுந்தே கெடந்துச்சே, ஞாபகம் இல்லியா? தண்ணியில மெதந்துட்டு இருந்துச்சே?"

அவன் முகத்தில் புன்னகை கொஞ்ச நேரம் அப்படியே தங்கியிருந்தது, பிறகு போய்விட்டது. விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்தான். அவன் கூடையை நினைத்துப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

"ஆறு வாரம்," என்றான்.

"ஆமா."

"எங்கப்பாகிட்ட போன்ல சொன்னேன். 'அதான் தெரியுமே, நீ ஒரு காரியத்துக்கும் ஆக மாட்டே'ன்னார்." அவன் குரல் உயரவில்லை. "ஏன் சொல்லல?"

"மொத நாள் பயம். அப்புறம் நீ ஒத்துக்கிட்டே."

"நான் ஒத்துக்கிட்டேன், அதனால உனக்கு வசதியாப் போச்சு."

அந்த நேரத்தில் கொப்பரையில் நுரை விளிம்புவரை எழும்பிவிட்டது. கரண்டியை வைத்துக்கொண்டு நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன்தான் எழுந்து வந்து வெண்ணெயைக் கிள்ளிப் போட்டான். நுரை சட்டென்று அமிழ்ந்தது. குனிந்து நீர்மட்டத்தைப் பார்த்தான். கோட்டுக்கு மேலேயே இருந்தது.

"இங்கிருந்து போ," என்றான். "நான் பாத்துக்கறேன்."

"ரேஜான்..."

"போய் அவங்ககிட்ட சொல்லு. எங்கிட்ட சொன்னது பத்தாது."

வெளியே டிராக்டர் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டிருந்தது. ஜெர்மெய்ன் ஒரு மரத்தொட்டியில் சுத்தமான பனியை நிரப்பி, அதன்மேல் கொதிக்கும் பாகைக் கோடுகோடாக ஊற்றிக்கொண்டிருந்தார். பனியில் பட்டு இறுகிய அதை எல்லோரும் குச்சிகளால் சுருட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் போய்ச் சொன்னேன். பிரெஞ்சில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று அப்படிச் சொன்னேன். இரண்டு முறை சொல்வது ஒரு முறை சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கிரெய்க் குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"என் கிட்டார்," என்றான் முதலில். பிறகு, "அட, நாம அவன என்னெல்லாம் சொன்னோம்!"

"நாம இல்ல, நீ," என்றாள் கொலெத். என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் கூட்டம். இன்னிக்கு யாரும் ஒண்ணும் பேச வேணாம்," என்றாள்.

பூலென் கொட்டகைக்குள் போனார். நான் வாசல் வழியாகப் பார்த்தேன். ரேஜானின் பக்கத்தில் நின்று, கரண்டியால் பாகை எடுத்து, அது விளிம்பில் எப்படித் திரண்டு விழுகிறது என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ரேஜான் முகத்தைத் துடைத்தான். ஆவியாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானே போய்விடுவதாகச் சொன்னேன். பெட்டியும் கட்டி வைத்திருந்தேன். நால்வர் போகட்டும் என்றார்கள், மூவர் இருக்கட்டும் என்றார்கள். கொலெத் ரேஜானைப் பார்த்தாள்.

"போகக் கூடாது," என்றான் அவன். "போனா அவளுக்குச் சுலபமா முடிஞ்சிடும். நான் இந்த வீட்டுலதானே இருந்தேன் ஆறு வாரமும்? அவளும் இருக்கட்டும்."

யாரும் அதற்கு எதிராகப் பேசவில்லை. நான் இருந்தேன்.

லேசாக இருக்கவில்லை. மேசையில் என் பக்கத்து நாற்காலி பல நாள் காலியாகவே கிடந்தது. அடுத்த இரண்டு வீட்டு வாரங்களை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாரும் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கிரெய்க் ரேஜானிடம் மன்னிப்புக் கேட்டான். கேட்டு முடித்து ஐந்து நிமிடத்தில், பழக்க தோஷத்தில், "ஜன்னலு, அந்த ரொட்டியக் குடு" என்றான். பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டான். ரேஜான் ரொட்டியைக் கொடுத்தான். அடுப்பும் சாவியும் அவன் கைக்குத் திரும்பி வந்தன. ஆனாலும் படுக்கும் முன் ஜன்னல்களைச் சுற்றி வருவதை அவன் விடவில்லை. மூன்று சுற்று இரண்டாயிற்று. ஊரை விட்டுக் கிளம்பும்வரை இரண்டாகவே இருந்தது.

ஏப்ரலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பூலென் தன் லாரியில் வந்து அவனை மட்டும் அழைத்துப் போனார். சாயங்காலம் உடம்பெல்லாம் புகையும் பாகும் மணக்கத் திரும்பி வருவான். அங்கே என்ன செய்தான், என்ன பேசினார்கள் என்று மற்றவர்களிடம் சொல்வான். நான் கூடத்தில் இருந்தால் சொல்வதை நிறுத்த மாட்டான். என்னைப் பார்த்துச் சொல்லவும் மாட்டான்.

மூன்றாவது ஊர் ஒன்டாரியோவில் ஒரு ஏரிக்கரை. அங்கே மூன்று மாதம் நானும் அவனும் ஒரே படகுத்துறையில் வேலை செய்தோம். சுத்தியல் எங்கே, ஆணி எவ்வளவு, மழை வருமா என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை. ஒரு நாள் பலகை சரிந்து என் விரல் நசுங்கியபோது அவன்தான் ஓடிவந்து கட்டுப் போட்டான். இறுக்கமாக, சரியாக, ஒரு வார்த்தை பேசாமல்.

ஜூலையில் பிரிந்தோம். ரயில் நிலையத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். ரேஜான் எல்லோரிடமும் வந்தான். என்னிடம் வந்தபோது கையை நீட்டினான். குலுக்கினேன்.

"உன் பிரெஞ்சு பரவாயில்ல இப்போ," என்றான்.

அவனுடைய ரயில் முதலில் வந்தது.