மூன்று ரன் பாக்கி

போருக்கு முன்னால் நான்கு பருவம், போருக்குப் பின்னால் ஒன்பது. ஆகப் பதின்மூன்று கோடைகள் வால்ட் பிளெட்சோ போட்ட பந்தை ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடித்தவன் நான். என் விரல்களில் நேராக இருப்பவை மூன்றுதான். மற்றவற்றை வளைத்த புண்ணியம் பெரும்பாலும் அவனுடையது. அதனால் அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது, கேட்க உங்களுக்குப் பொறுமை இருந்தால் போதும்.

எங்கள் கவுண்டி, இங்கிலாந்தில் மாவட்டத்துக்கு அந்தப் பெயர், சின்னது. பூட்ஸ் செய்கிற ஊர். வேலை முடிந்த கையோடு தோல் நாற்றத்துடன் வந்து உட்கார்ந்து எங்களைத் திட்டிவிட்டுப் போகிற ஜனங்கள். பட்டியலில் கடைசி இடத்தை எங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெரிய அணிகளில் ஆல்ரவுண்டர் என்றால் விருந்து முடிவில் வரும் இனிப்பு. எங்களிடம் வால்ட்தான் ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம். காலையில் புதுப் பந்தோடு ஆரம்பிப்பான். மத்தியானம் பந்து நைந்த பிறகு வேகத்தைக் குறைத்துச் சுழற்றுவான். அவர்கள் ஒருவழியாக ஆட்டமிழந்ததும் கால் காப்பைக் கட்டிக்கொண்டு உட்காருவான். உட்கார்ந்த அரை மணியில் கூப்பிட்டுவிடுவார்கள், ஏனென்றால் எங்கள் மேல்வரிசை ஆட்டக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்துவிடுவார்கள். இங்கிலாந்து அணி ஒரே ஒருமுறை அவனைக் கூப்பிட்டது. பன்னிரண்டாவது ஆளாக. ஐந்து நாள் தட்டில் பானம் ஏந்திக்கொண்டு போய் வந்தான். "நல்ல தட்டுடா அது, வெள்ளி" என்றான் திரும்பி வந்து. அவ்வளவுதான் அவன் புலம்பல்.

ஆனால் ஒரு ஆசை இருந்தது. ஒரே பருவத்தில் ஆயிரம் ரன், நூறு விக்கெட். எங்கள் தொழிலில் அதற்கு 'இரட்டை' என்று பெயர். ஆல்ரவுண்டர் என்று சொல்லிக்கொள்கிறவன் ஒரு தடவையாவது அதைச் செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் சாகும்வரை அது தொண்டையில் மீன் முள்தான். நாற்பத்தொன்பதில் வால்டுக்கு நூற்றுமூன்று விக்கெட், தொள்ளாயிரத்து நாற்பது ரன்; ஆகஸ்டில் விரல் உடைந்தது. ஐம்பத்தொன்றில் ரன் தாராளமாக வந்தது, விக்கெட் தொண்ணூற்று நான்கில் நின்றுவிட்டது. அந்த செப்டம்பர் முழுக்க மழை. ஐம்பத்துமூன்றில் அவனுக்கு முப்பத்தெட்டு வயது. வசந்தத்தில் எங்கள் எல்லோர் முன்னாலும் அவன் மனைவி எட்னாவிடம் சொன்னான்: "இரட்டை வந்த அன்னிக்கு பூட்ஸைக் கழட்டி ஆணியில மாட்டிடறேன். அப்புறம் நீ சொல்ற இடம்." எட்னாவின் தங்கை கடற்கரையில் ஒரு விடுதி நடத்திவந்தாள். பங்குக்கு வாருங்கள் என்று வருடா வருடம் கடிதம் போடுவாள். எட்னா பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து தலையைத் தூக்காமல் "கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில்தான். வால்ட் நூற்றொரு விக்கெட் எடுத்தாயிற்று. ரன் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. முதல் இன்னிங்ஸில் பன்னிரண்டு அடித்தான். பாக்கி இருபத்தேழு.

இந்த எண்ணை நான் இங்கே சொல்கிறேனே, அப்போது எங்கள் அறையில் ஒருவரும் வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டோம். மைல் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவனிடம் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது. அவன் காதுபடக்கூடப் பேசக் கூடாது. சொன்னால் விளங்காது. பத்தாம் எண் ஆட்டக்காரன் ஒருவன் இரண்டு வருடத்துக்கு முன் வாய் தவறி "இன்னும் ஆறு" என்று சொல்லி, வால்டின் தொண்ணூற்று நான்கு விக்கெட் அங்கேயே நின்றது. பாவம், மழைக்கும் சேர்த்து அவனைத்தான் திட்டினோம். ஆகவே எல்லோர் வாயிலும் பூட்டு. எல்லோர் மண்டையிலும் இருபத்தேழு.

கேப்டன் மண்டையில் மட்டும் இல்லை. மிஸ்டர் லாங்டன் சம்பளம் வாங்காமல் ஆடுகிற கனவான். கனவான்களுக்கு மாடியில் தனி அறை, மைதானத்துக்குள் இறங்கத் தனி வாசல். தொழிலுக்கு ஆடுகிற நாங்கள் கீழே, பக்கவாட்டு வாசல். நல்ல மனிதர்தான், பந்துக்குக் குறுக்கே முழங்காலை வைக்கத் தயங்காதவர். ஆனால் கீழ் அறையில் நாங்கள் எதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம் என்பது மாடியில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள். எதிரணி வடக்கத்தி ஆட்கள், சிரிப்பையே சிக்கனமாகச் செலவு செய்கிறவர்கள். அவர்களை ஜெயித்தால் கடைசி இடத்திலிருந்து தப்பிவிடலாம். எங்கள் இரண்டாவது இன்னிங்ஸில் வால்ட் மணி இரண்டு இருபதுக்கு இறங்கினான். நிதானமாகத்தான் ஆடினான், ஆனால் எதிர் முனையில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் முறை வந்தது. அவன் அப்போது இருபது ரன்.

"என்னடா சிட், முகம் வெளுத்துப் போயிருக்கு?" என்றான் நடு ஆடுகளத்துக்கு வந்து. "காலைல தின்ன மீன் ஒத்துக்கலையா?"

"ஒண்ணுமில்ல. பந்து எப்படி வருது?"

"நேரா வருது. நீயும் நேரா ஆடு. கோணலா ஏதாவது பண்ணின, மட்டையாலயே போடுவேன்."

எனக்கு ரன் அடிக்க வராது. அந்தப் பருவம் முழுக்க நான் அடித்த பவுண்டரிகளை ஒரு கை விரல்களில் எண்ணலாம். அதிலும் நேரான விரல்களே போதும். அன்றைக்கு என் வேலை மிகச் சுலபம். விக்கெட்டை விடாமல் நிற்க வேண்டும், ஒவ்வொரு ரன்னாகத் தட்டிவிட்டு வால்டுக்கு ஆட வழிவிட வேண்டும். செய்தேன். அவன் இரண்டு ஒற்றை ரன் எடுத்தான். பிறகு ஒரு ஓவரின் கடைசிப் பந்தைப் பின்னால் திருப்பிவிட்டு இரண்டு ஓடினான். இருபத்து நான்கு. ஓவர் முடிந்தது. அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டியவன் நான்.

மணி மூன்று எட்டு. ஒரு ரன். ஒரே ஒரு ரன் எடுத்து அவனை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் ஐந்து பந்து அவனுக்கு. மனதுக்குள் அதையே ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டு நின்றேன்.

பந்து குட்டையாக, நன்றாக விலகி வந்தது. அந்த மாதிரிப் பந்து என் வாழ்க்கையில் பத்து தடவை வந்திருக்கும், பத்து தடவையும் தொட்டுவிட்டு அவுட் ஆகியிருக்கிறேன். அன்றைக்குக் கை தானாகப் போனது. மட்டையின் நட்டநடுவில் பட்டது! எப்படிப் பறந்தது தெரியுமா? கல்லியில் நின்ற ஃபீல்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் கயிற்றைத் தாண்டி, பீர் கூடாரத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளுக்குள் புகுந்துவிட்டது. பூட்ஸ் தொழிலாளிகள் எழுந்து நின்று கத்தினார்கள். நானும் மட்டையைத் தூக்கிக் காட்டினேன். வெட்கம் கெட்டவன்.

"அடப்பாவி" என்றான் வால்ட். "எங்கடா ஒளிச்சு வச்சிருந்த இத்தனை நாளா?"

பந்து கிடைக்கவில்லை. நாற்காலிகளைத் தூக்கிப் பார்த்தார்கள். கூடாரத் துணியை உயர்த்திப் பார்த்தார்கள். வடக்கத்தி ஆள் ஒருவன் மண்டியிட்டுப் புல்லைத் தடவினான். ஒருவழியாக யாரோ எடுத்து எறிந்தபோது கடிகாரம் மூன்று பத்து. மாடி முகப்பில் மிஸ்டர் லாங்டன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். டிக்ளேர்.

எங்கள் இன்னிங்ஸ் அத்தோடு முடிந்தது. வால்டின் பருவக் கணக்கு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. வால்டின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நடந்தேன். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சீக்கிரம் வாடா, பத்து நிமிஷத்துல திரும்ப இறங்கணும்" என்றான்.

அவர்களுக்கு இலக்கு நூற்றுத்தொண்ணூறு. ஐந்தரை மணிவரை நேரம். எங்கள் அறையில் ஒருவன்கூட என்னோடு பேசவில்லை. அதே மாதிரிக் கேப்டனையும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர், பாவம், அந்த மௌனத்தை மும்முரம் என்று நினைத்து மகிழ்ந்துபோனார்.

வால்ட் ஒரு முனையை எடுத்துக்கொண்டு விடவே இல்லை. பிட்ச் நொறுங்கத் தொடங்கியிருந்தது, பந்து சில சமயம் கணுக்காலுக்கு, சில சமயம் தாடைக்கு வந்தது. நான் ஸ்டம்பை ஒட்டி நின்றேன். என் நான்கு ரன்னை நினைத்து நினைத்து, செய்த பாவத்தைக் கழுவுகிறவன் மாதிரி ஒவ்வொரு பந்தையும் பிடித்தேன். நான்கு மணிக்கு நான்கு விக்கெட். ஐந்துக்கு எட்டு. ஒன்பதாவது ஐந்து பதினெட்டுக்கு. கடைசி ஜோடி மட்டையையும் காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு சுவராகிவிட்டது. ஐந்து இருபத்தாறுக்கு வால்ட் ஒரு பந்தை மெதுவாக, வெகு உயரத்தில் தூக்கிப் போட்டான். அவ்வளவு நேரம் அசையாத ஆள் ஆசைப்பட்டு ஒரு அடி வெளியே வந்தான். பந்து திரும்பியது, என் கையில் விழுந்தது, ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸைத் தட்டினேன். நடுவர் விரல் மேலே போனது.

ஜெயித்தோம். நான்கு நிமிடம் மிச்சம். வால்டுக்கு ஏழு விக்கெட்.

கீழ் அறையில் பீர் பாட்டில் திறந்தார்களே தவிர யாரும் பாடவில்லை. வால்ட் மட்டும் கால்களை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தான். அப்போது கதவு தட்டப்பட்டது. எங்கள் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். உதைத்துத் திறப்பதுதான் வழக்கம். மிஸ்டர் லாங்டன், காகிதம் மாதிரி வெளுத்து, வாசலில் நின்றார்.

"பிளெட்சோ, மூணு ரன்னாமே? பத்திரிகைக்காரர் இப்பத்தான் சொன்னார். எனக்கு ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?"

என்னால் அடக்க முடியவில்லை. "சொல்லக் கூடாது சார். ஆனா மூணு பத்துக்கே கூப்பிடணும்னு என்ன அவசரம் உங்களுக்கு?"

"எனக்கா?" என்றார் அவர். "இவன்தானே சாப்பாட்டு நேரத்துல மாடிப்படி ஏறி வந்து சொன்னான்? 'மூணு பத்துக்கு மேல ஒரு பந்துகூட வேணாம், யாரு தொண்ணூத்தொம்பதுல நின்னாலும் கூப்பிட்டுடுங்க'ன்னு."

அறை முழுக்க வால்ட் பக்கம் திரும்பியது. அவன் வாளியில் காலை மாற்றி வைத்தான்.

"ஆமா, நான்தான் சொன்னேன். அந்தப் பிட்ச்ல அவங்களை உருட்ட ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேணும்னு தெரிஞ்சது. பந்து போடறவன் சொன்னது அது. மட்டை பிடிக்கிறவனைக் கேக்கல."

"மூணு பத்துக்குள்ள அடிச்சிடலாம்னு நினைச்சியா?" என்றேன்.

"நினைச்சேன். நீ திடீர்னு பெரிய ஆட்டக்காரனா ஆயிடுவேன்னு நினைக்கல."

"மத்தியானம் முழுக்க நான் செத்துக்கிட்டிருக்கேன்டா!"

"தெரியும். அதான் இன்னிக்கு ஒரு பந்தைக்கூட விடல. தினம் இப்படி இருந்தா எனக்கு எவ்வளவு நல்லா இருக்கும்."

அப்போதுதான் அறை சிரித்தது. மிஸ்டர் லாங்டன் உள்ளே வந்து, பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து, பாட்டிலிலிருந்தே குடித்தார். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நேரத்தை அவன் குறித்திருக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தைத் தின்றது என் பவுண்டரிதானே.

பக்கவாட்டு வாசலில் எட்னா பின்னல் பையோடு காத்திருந்தாள். வால்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

"மூணு குறைஞ்சிடுச்சு, எட்னா."

"பார்த்தேன்."

"இரட்டை வந்தாத்தான்னு சொல்லியிருந்தேன்..."

"அப்ப இன்னும் ஒரு வருஷமா?"

"ஒரே ஒரு வருஷம்."

"சரி. தங்கச்சிக்கு எழுதிப் போடறேன், அவ திட்டட்டும்" என்றாள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. வால்ட் தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தான். ஏழு விக்கெட் எடுத்த வலி ஒன்றும் அந்த நடையில் இல்லை. சீட்டியடித்துக்கொண்டு போனான்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "தப்பு என்னுது எட்னா. ஒரு ரன் தட்டிவிட்டிருந்தா இன்னிக்கு அவன் கையில இரட்டை. நீங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போயிருப்பீங்க. அந்தப் பாழாப்போன பந்தைத் தேடியே ரெண்டு நிமிஷம் போச்சு."

வால்ட் தூரமாகப் போகும்வரை எட்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜனவரி மாசமே அந்த மனுஷன் கூடத்துல ஆரஞ்சுப் பழத்தைச் சுழட்டிப் போட்டு என் பூ ஜாடியை உடைக்கறாரு. கோடையிலயும் வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? விடுதிக்கு வர்றவங்களுக்கு முட்டை பொரிச்சுக் கொடுத்துக்கிட்டு நிப்பாரா? ஒரே மாசத்துல வாடிப் போயிடுவாரு, சிட். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது."

"ஆனா நீதானே கடல் கடல்னு..."

"தங்கச்சிதான் கடல் கடல்ங்கறா. மூணு பத்து கணக்கை சாண்ட்விச் தின்னும்போது அவரு என்கிட்டயும் சொன்னாரு. நான் கூடாரத்துக்கிட்ட நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன், உன் பந்து நேரா வந்து என் கால்கிட்ட நின்னுது. இந்தப் பையைத் தூக்கி அது மேல வச்சேன். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே ஒரு வரிசை பின்னினேன். அப்புறம் காலால தள்ளிவிட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில், அத்தனை தூரத்தில் போய்க்கொண்டிருந்த வால்ட் நின்று திரும்பினான்.

"என்னடா அங்க?"

"ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன். "ஏப்ரல்ல பார்க்கலாம்!"